தோல்வினைக் கூர்ங்கருவிகள்: ஆக்கமும் பேணலும்

தோலை அறுக்கும் கத்தி, விளிம்பைச் சீவி மெலிதாக்கும் சீவுகத்தி, துளையிடும் உளி, தையலுக்கு வழிதிறக்கும் குத்தூசி ஆகியவை தோல்வினைக் கூர்ங்கருவிகள் எனப்படும். இவற்றின் வரலாறு எஃகு உருக்கிய கொல்லரையும் சாணைக்கல் அமைத்தவரையும் நாள்தோறும் தீட்டிப் பயன்படுத்திய தோல்வினைஞரையும் ஒருங்கே சார்ந்தது. கோட்டை நகரான செஞ்சி 1993 வரை அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டம், இவ்வரலாற்றில், குறிப்பாக எஃகின் வரலாற்றில், தனியிடம் பெறுகிறது.

தொன்மைச் சான்றுகள்

புறநானூற்றின் 82ஆம் பாடலில் சாத்தந்தையார், சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி நிகழ்த்திய போரின் விரைவுக்கு, கட்டிலுக்குத் தோல்வார் பிணிக்கும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசியின் விரைவை உவமையாக்குகிறார். சிலப்பதிகாரமும் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரிடையே தோல் தைப்போரைக் குறிப்பிடுகிறது. முனை மழுங்கிய ஊசி தோலில் சிக்கி நிற்குமாதலால், அவ்விரைவுக்கு அடிப்படையாக அமைந்தது முறையாகப் பேணப்பட்ட கூர்மையே எனலாம்.

எஃகும் ஆவாரையும்

கொடுமணல் அகழாய்வு இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் சான்றுகளை அளித்துள்ளது. தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில், மூடிய மண்குகையில் (உருக்கும் மண்கலத்தில்) இரும்பைக் கரிமத்துடன் சேர்த்துச் சூடாக்கி எஃகு ஆக்கியதற்கான தடயங்கள் கண்டறியப்பட்டுள்ளன. இம்முறையில் உருவான தென்னிந்திய எஃகே ஐரோப்பியரால் ‘ஊட்ஸ்’ என அழைக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைக்கேல் பாரடே உள்ளிட்ட அறிவியலாளரின் ஆய்வுக்கு உள்ளானது. அதே மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜே. எம். ஹீத், எஃகு ஆக்குவோர் குகைக்குள் இரும்புடன் ஆவாரைக் கட்டைத் துண்டுகளை இட்டு, மேலே எருக்கு முதலியவற்றின் இலைகளை வைத்து மூடியதைப் பதிவு செய்துள்ளார். தமிழகத் தோல் பதனிடுவோர் நெடுங்காலம் நம்பியிருந்ததும் ஆவாரம்பட்டையைத்தான் என்பதால், கத்திக்குக் கரிமம் தந்த செடியே அக்கத்தி அறுத்த தோலுக்கும் உறுதி தந்தது எனலாம்.

கூர் அமைக்கும் முறை

செஞ்சூடாக்கிய எஃகலகை நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்திக் கடினமாக்கி, பின்னர் ஏறத்தாழ 200 முதல் 250 பாகை செல்சியசு வரை மீண்டும் சூடாக்கி அதன் நொறுங்குதன்மையைக் குறைப்பது தோய்ச்சல் எனப்படும். மெருகிட்ட அலகில் தோன்றும் வைக்கோல் மஞ்சள் நிறம் சரியான பதத்தையும், நீலநிறம் அப்பதம் கடந்து எஃகு மென்மையானதையும் காட்டுகின்றன. விரைந்து சுழலும் சாணையில் அலகை அழுத்திப் பிடித்தால் இந்நீலம் படர்ந்து கூர் நிலைக்காது போகும் என்பதால், அலகை அடிக்கடி நீரில் நனைப்பது கட்டாயம்.

பழஞ்சாணை, குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்து வட்டமாக வார்க்கப்பட்டது; நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி குருந்தக்கல்லுக்குப் பெயர்பெற்ற இடம். அமெரிக்கரான எட்வர்டு அச்சன் 1890களில் செயற்கையாக உருவாக்கிய சிலிக்கான் கார்பைடு, பின்னர் சாணையில் குருந்தக்கல்லின் இடத்தைப் பெரிதும் பிடித்தது. சென்னையில் 1954இல் தொடங்கப்பட்ட கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் இவ்வகைத் தேய்ப்புக் கற்களை இங்கேயே தயாரிக்க வழிசெய்தது.

சாணைக்குப் பின் அலகை மென்கல்லில் சாய்கோணம் மாறாமல் தீட்டும்போது, எதிர்ப்பக்க விளிம்பில் நுண்ணிய பிசிர் எழும். இருபுறமும் மாற்றித் தீட்டி அதைக் குறைத்து, இறுதியில் பலகையில் ஒட்டிய தோல்வாரின்மீது கூர்முனை பின்தொடருமாறு இழுத்தால் பிசிர் முற்றும் நீங்கும். கூர்முனையை முன்னே செலுத்தினால் வார் வெட்டுப்படும். அறுகத்தியைவிடச் சீவுகத்திக்குத் தட்டையான சாய்வு தேவை. குத்தூசியின் பக்கங்கள் மெருகுடன் இருந்தாலன்றி அது தோலினின்று எளிதில் வெளிவராது.

பேணலும் இன்றைய நிலையும்

ஆவாரம்பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் ஈரத்தில் இரும்புடன் வினைபுரிந்து தோலில் கருங்கறையையும் அலகில் அரிப்பையும் உண்டாக்கும் என்பதால், வேலை முடிந்ததும் கருவியைத் துடைத்து எண்ணெய் பூசுவது இத்தொழிலின் அடிப்படை விதி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரெட் சாட்டர்டன் சென்னையில் முன்னெடுத்த குரோம் பதனீடு நெகிழ்வான தோலைப் பெருகச் செய்தது. மழுங்கிய அலகின் முன் இத்தோல் அறுபடாமல் இழுபடும் என்பதால், கூர்மையின் தேவை மேலும் மிகுந்தது. 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில் தோலியலை ஆய்வுத் துறையாக வளர்த்தது.

ஆலைகளில் அச்சுவெட்டு எந்திரங்கள் வந்த பின்னும், மிருதங்கத்துக்கு எருமைத்தோல் வார் அறுப்போரும், தோற்பாவைக்கு நுண்துளை இடுவோரும், ஆக்ஸா பிளேடைத் தேய்த்துக் கத்தியாக்கும் சாலையோரச் செருப்புத் தைப்பாளரும் கைத்தீட்டலையே நம்பியுள்ளனர். சாதி இழிவு சுமத்தப்பட்டதால் இவர்களின் தொழிலறிவு ஏட்டில் ஏறாமல், பெரும்பாலும் கைவழியாகவே நிலைத்தது. தமிழக உலோகவியலின் வரலாற்றில் எஃகு ஆக்கியவருக்கு உரிய இடம், அந்த எஃகின் கூரைத் தலைமுறைகளாகக் காத்த தோல்வினைஞருக்கும் உரியது.