மஞ்சக்குடி முகாம்

கம்பம் பள்ளத்தாக்கில் குடிநோயாளியின் மனைவி முதலில் தட்டுவது மருத்துவமனைக் கதவையன்று. பெரும்பாலும் பங்குத்தந்தையின் கதவையே. சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறோம். கை நடுக்கமோ சத்தியத்திற்குக் கட்டுப்படுவதில்லை. நெடுநாள் குடித்தவர் மருத்துவத் துணையின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும் என்பதை நானே தாமதமாகத்தான் அறிந்தேன்.

1939-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், புனித தோமையார் மருத்துவமனையின் அருட்சகோதரி இக்னேசியா குடிநோயாளருக்குப் படுக்கை தர, வயிற்று நோய் என்றே பதிவு செய்ய வேண்டியிருந்தது. குடிநோயை நோயெனக் கருதாத காலம் அது!

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரால் சிகிச்சை நிறுவனம் தொடங்கினார். ஆயினும் கூலி உழவன் வேலையை விட்டுச் சென்னையில் வாரக்கணக்கில் தங்குவதெங்ஙனம்? எனவே 1989-இல் மருத்துவக் குழுவே இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடிக்குச் சென்று முகாமிட்டது. முகாம் 15 நாள். மருந்தும் ஆலோசனையும் குழுவினுடையவை. இடம் தந்ததும், நோயாளரைத் தேடி அழைத்து வந்ததும் ஊரார். குடியை விட்டவரை ஊரே கண்ணால் கண்டது. சென்னையில் நடந்திருந்தால் அது வெறும் செய்தியாகவே வந்து சேர்ந்திருக்கும்.

சாந்தி அம்மையாருக்கு 1992-இல் பத்மஸ்ரீ, 1999-இல் ஐ.நா.வின் வியன்னா குடிமைச் சமூக விருது. இரண்டும் தகுதியானவையே. முகாமுக்குத் துணை நின்ற ஊராரின் பெயர்களை எங்கே தேடுவது?

எம் பங்கிலும், குடியை விட்ட ஒருவர் புதிதாய் விடுபவரின் அருகே இரவெல்லாம் விழித்திருக்கிறார். ஞாயிறு அறிவிப்பில் நன்கொடையாளர் பெயர்களை வாசிக்கும் நான், அவர் பெயரை இதுவரை ஒருமுறையும் வாசித்ததில்லை.