எதிராளியின் முகம்: சானூபா ஹன்ஸ்கா லூகரின் கண்ணாடிக் கேடயங்கள்

போராட்டத்துக்குப் பயன்படும் கலை, கலை என்ற நிலையிலிருந்து இறங்கிப் பிரசாரமாகிவிடும் என்ற கருத்து விமர்சகர்களிடையே இன்னும் செல்வாக்குடன் இருக்கிறது. கலைஞர் சானூபா ஹன்ஸ்கா லூகரின் கண்ணாடிக் கேடயங்களைப் பார்த்த பிறகு இக்கருத்தை ஏற்பதற்கில்லை. அவற்றின் கலைத்தன்மை அவற்றின் பயன்பாட்டிலேயே குடிகொண்டிருக்கிறது.

லூகர் 1979இல் வடக்கு டகோட்டாவில், ஸ்டாண்டிங் ராக் பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்தில் பிறந்தவர். லக்கோட்டா மரபோடு மாண்டன், ஹிடாட்சா, அரிக்காரா மரபுகளும் அவருக்கு உண்டு. இந்த மக்கள் எல்லோருமே மிசௌரி ஆற்று அணைகளுக்கு நிலத்தைப் பறிகொடுத்தவர்கள். காரிசன் அணை ஃபோர்ட் பெர்தோல்ட் ஒதுக்கீட்டு நிலத்தில் 1,50,000 ஏக்கருக்கு மேல் மூழ்கடித்தது. ஓவாஹி அணை ஸ்டாண்டிங் ராக்கில் சுமார் 56,000 ஏக்கரை விழுங்கியது. அந்த ஓவாஹி நீர்த்தேக்கத்தின் அடியில்தான் 1,172 மைல் நீளமுள்ள டகோட்டா ஆக்சஸ் எண்ணெய்க் குழாயைக் கொண்டுசெல்லத் திட்டமிட்டார்கள். பிஸ்மார்க் நகருக்கு வடக்கே செல்லும் வேறொரு பாதை முன்பே பரிசீலிக்கப்பட்டது. அதைக் கைவிட்டதற்கான காரணங்களுள் நகரின் குடிநீர் ஆதாரங்களுக்கு அது அருகில் இருந்ததும் ஒன்று. இக்குழாயை எதிர்த்து 2016இல் கூடிய போராட்ட முகாமின் கோபத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியே போதும்.

அந்த ஆண்டு லூகர் ஒரு சிறு காணொளியை வெளியிட்டார். மலிவான பலகை, கண்ணாடிபோல் பளபளக்கும் ஒட்டுத்தாள், கைப்பிடிக்குக் கயிறு: இவற்றைக் கொண்டு கேடயம் செய்து முகாமுக்கு அனுப்புங்கள் என்பது அதன் வேண்டுகோள். உக்ரைனில் பெண்கள் கலவரத் தடுப்புப் போலீசாருக்கு எதிரே நிலைக்கண்ணாடிகளை ஏந்தி நின்றது இதற்குத் தூண்டுதல். ஆனால் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. சமவெளிப் பழங்குடிகள் காட்டெருமைத் தோல் கேடயத்தின்மீது, தரிசனத்தில் கண்ட உருவத்தைத் தீட்டுவார்கள். காப்பது தோலின் தடிமன் மட்டுமல்ல, அந்த உருவத்தின் ஆற்றலும்தான் என்பது நம்பிக்கை. லூகர் அந்த உருவத்தின் இடத்தில் எதிராளியின் முகத்தை வைத்தார். நவம்பர் 20 இரவு, உறைபனிக் குளிரில் போராட்டக்காரர்கள்மீது தண்ணீரைப் பீய்ச்சியவர்களும் மனிதர்களே என்ற நம்பிக்கை இதில் இருக்கிறது. அதைத் துணிச்சலான நம்பிக்கை என்றே நான் கருதுகிறேன்.

போலீசாரின் மனச்சாட்சியை நம்பும் கலை பலவீனமானது என்று ஒருவர் மறுக்கலாம். ஆனால் இக்கேடயங்கள் போலீசாரை மட்டும் நோக்கியவை அல்ல. டிசம்பரில் கலைஞர் ரோரி வேக்கமப் வழிநடத்திய நிகழ்வில், கேடயங்களை வானை நோக்கிப் பிடித்தபடி பனியில் நீர்ப்பாம்பு வடிவில் மக்கள் வளைந்து நடந்தார்கள். மேலே பறந்த கேமரா அதைப் பதிவு செய்தது. அங்கே எதிராளியே இல்லை. எண்ணெய்க் குழாயைக் கரும்பாம்பு என்று அழைத்த மக்கள், அதற்கு எதிராகத் தங்கள் உடல்களாலேயே ஓர் ஆற்றை வரைந்தார்கள்.

பலர் கையால் ஒன்றை ஆக்கும் இந்த முறை 2018இல் ‘ஒவ்வொருவரும்’ என்ற படைப்பில் மேலும் கூர்மை பெற்றது. காணாமல்போன, கொல்லப்பட்ட பழங்குடிப் பெண்களையும் மாற்றுப் பாலினத்தவரையும் நினைவுகூர 4,000க்கு மேற்பட்ட களிமண் மணிகள் கோக்கப்பட்டன. பல ஊர்களின் மக்கள் உருட்டி அனுப்பிய மணிகள் அவை. அருகில் நின்றால் விரல் பதிந்த, ஒன்றுபோல் ஒன்று இல்லாத மண் உருண்டைகள் மட்டுமே தெரியும். விலகி நின்றால் காலி ஸ்பிட்சர் எடுத்த ஒளிப்படத்தின் பெண்முகம் துலங்கும். புள்ளிவிவரத்தில் தொலைந்த ஒருவருக்காக ஒருவர் உட்கார்ந்து மண் பிசைந்த நேரம் ஒவ்வொரு மணியிலும் இருக்கிறது. எந்தச் சுவரொட்டியாலும் அதைத் தர முடியாது.

2017 ஜூனில் குழாயில் எண்ணெய் ஓடத் தொடங்கியது உண்மை. அதைக் கொண்டு கேடயங்கள் தோற்றன என்று முடிவு கட்டுவது, குழாயை நிறுத்தும் பொறுப்பைப் பலகையின்மீது சுமத்துவதாகும். அனுமதி அளித்ததும் மறுத்ததும் வாஷிங்டன். கலையிடம் கேட்க வேண்டியது வேறு: யாரைச் செய்ய வைத்தது, எதைக் காண வைத்தது? இக்கேடயத்தின் செய்முறை பொதுவில் வைக்கப்பட்டது. அமெரிக்காவின் வேறு போராட்டங்களிலும் மக்கள் அதை எடுத்தாண்டார்கள்.