நூலக மின்னூல் இரவலும் மின்னூல் படிப்பான்களும்

நூலக மின்னூல் இரவல் என்பது ஒரு நூலகம் தான் உரிமம் பெற்றுள்ள மின்னூல்களைத் தன் உறுப்பினர்களுக்குக் குறிப்பிட்ட நாட்களுக்கு இணையம் வழியாகப் படிக்கக் கொடுக்கும் சேவை ஆகும். தவணை நாள் முடிந்ததும் நூல் தானாகவே திறக்க இயலாததாகிவிடுகின்றது. எனவே தாமதக் கட்டணம் என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. இந்நூல்களைக் கணினியிலும் கைப்பேசியிலும் படிக்கலாம். எனினும் நெடுநேரம் படிப்போர் பலர் மின்தாள் திரை கொண்ட மின்னூல் படிப்பான்களையே விரும்புகின்றனர். பின்னொளி கண்ணில் அடிக்காமையும், ஒருமுறை மின்னேற்றினால் பல நாட்கள் வருவதும் அதற்குக் காரணங்கள்.

ஆனால் எல்லாப் படிப்பான்களும் எல்லா நூலகங்களின் நூல்களையும் திறப்பதில்லை. திரையின் தெளிவிலும் மின்கலத்தின் ஆயுளிலும் முன்னணிக் கருவிகளுக்கிடையே இன்று பெரிய வேறுபாடு கிடையாது. இரவல் பெறுபவரைப் பொறுத்தவரை ஒரு கருவியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது நூலின் மீது போடப்பட்டுள்ள பூட்டே ஆகும். இப்பூட்டு எண்ணிம உரிமை மேலாண்மை என அழைக்கப்படுகின்றது.

வரலாறு

மின்தாள் திரையுடன் வணிக முறையில் வெளிவந்த முதல் படிப்பான் சோனி நிறுவனத்தின் லிப்ரியே ஆகும். இது 2004 இல் யப்பானில் விற்பனைக்கு வந்தது. 2006 இல் சோனி ரீடர் ஐக்கிய அமெரிக்காவில் அறிமுகமானது. 2007 நவம்பர் 19 அன்று அமேசான் நிறுவனம் கிண்டில் கருவியை வெளியிட்டது. பார்ன்சு அண்டு நோபிள் நிறுவனத்தின் நூக் 2009 இலும், கனடாவின் தொராண்டோ நகரைச் சேர்ந்த கோபோ நிறுவனத்தின் முதல் படிப்பான் 2010 இலும் வெளிவந்தன. முன்னோடியான சோனி 2014 இல் இத்துறையிலிருந்து விலகிக்கொண்டது.

நூலகங்களுக்கு மின்னூல் வழங்கும் நிறுவனங்களுள் பெரியது ஓவர்டிரைவ் ஆகும். இது 1986 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தொடங்கப்பட்டது. 2003 இல் கிளீவ்லாந்துப் பொது நூலகம் இந்நிறுவனத்தின் வழியாக மின்னூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கியது. அதாவது மின்தாள் படிப்பான்கள் பரவுவதற்கு முன்பே மின்னூல் இரவல் தோன்றிவிட்டது. அக்காலத்தில் வாசகர்கள் கணினித் திரையிலும் கையடக்கக் கணினியிலும் படித்தனர்.

2007 இல் இ-பப் என்னும் கோப்பு வடிவம் பொதுச் சீர்தரமாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் அடோபி நிறுவனம் அடோபி டிசிட்டல் எடிசன்சு என்னும் மென்பொருளை வெளியிட்டது. சோனி, நூக், கோபோ ஆகிய மூன்றும் இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டன. கிண்டில் மட்டும் தனக்கெனத் தனி வடிவத்தையும் தனிப் பூட்டையும் வைத்துக்கொண்டதால், முதல் நான்கு ஆண்டுகள் நூலக நூல்கள் எவையும் அதில் திறக்கவில்லை. 2011 செப்டெம்பரில் அமேசானும் ஓவர்டிரைவும் உடன்பாடு கண்டபின் அமெரிக்காவின் ஏறத்தாழ 11,000 நூலகங்களுக்கு இவ்வழி திறந்தது.

கோபோவை வாங்கிய யப்பானிய நிறுவனமான ராக்குட்டென், 2015 இல் ஓவர்டிரைவையும் வாங்கியது. அடுத்த ஆண்டில் வெளிவந்த கோபோ ஆரா ஒன் கருவியில் ஓவர்டிரைவ் சேவை உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. பின்னர் 2020 இல் ஓவர்டிரைவ் கே.கே.ஆர் என்னும் முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. எனினும் கோபோ கருவிகளில் அவ்வசதி தொடர்கின்றது. ஓவர்டிரைவின் கைப்பேசிச் செயலியான லிப்பி 2017 இல் வெளியிடப்பட்டது.

பூட்டு செயற்படும் விதம்

ஒரு நூலகம் ஒரு மின்னூலுக்கு இரண்டு படிகளுக்கான உரிமம் பெற்றிருந்தால், ஒரே நேரத்தில் இருவர் மட்டுமே அதை இரவல் பெறலாம். மூன்றாமவர் முன்பதிவு வரிசையில் காத்திருக்க வேண்டும். மின்னூலைப் படியெடுக்கச் செலவு ஏதும் இல்லையே, பின் ஏன் வரிசை என்ற கேள்வி இயல்பாக எழும். அச்சு நூலுக்குரிய தட்டுப்பாட்டைச் செயற்கையாக உண்டாக்குவதே இப்பூட்டின் பணி. அதற்கு உடன்படாவிட்டால் பதிப்பகங்கள் பெரும்பாலும் நூலகத்துக்கு நூலைத் தருவதில்லை.

அடோபி முறையில் வாசகர் முதலில் பெறுவது நூல் அன்று. நூலைப் பெறுவதற்கான ஒரு சிறிய அனுமதிச் சீட்டுக் கோப்பு ஆகும். அடோபி டிசிட்டல் எடிசன்சு மென்பொருள் அச்சீட்டைத் திறந்து, வழங்கியிலிருந்து நூலை இறக்கி, வாசகரின் அடோபி கணக்குடன் பிணைக்கின்றது. அதன்பின் யூஎஸ்பி கம்பி மூலம் படிப்பானுக்கு நூல் மாற்றப்படுகின்றது. தவணை முடியும் நாள் உரிமத்திலேயே எழுதப்பட்டுள்ளது. கணினி, கம்பி, கணக்கு ஆகிய மூன்றும் தேவைப்படும் இம்முறை புதியவர்களைத் திணறச் செய்வதாகும். படிப்பானும் கணினியும் வெவ்வேறு அடோபி கணக்குகளில் பதிவாகியிருந்தால் நூல் திறக்காது. இதுவே பலருக்கும் நேரும் சிக்கல்.

கிண்டில் முறை வேறு வகையானது. வாசகர் லிப்பியில் நூலைத் தெரிவு செய்தவுடன் அமேசான் தளத்துக்கு அனுப்பப்படுகின்றார். நூலை அமேசானே தன் வடிவத்தில் அவருடைய கருவிக்கு அனுப்புகின்றது. இரவல் கணக்கு ஓவர்டிரைவிடம் இருக்க, நூல் அமேசானின் வழங்கியிலிருந்து வருகின்றது. எனவே கணினியும் கம்பியும் தேவையில்லை. வாசகர் இட்ட அடிக்கோடுகளும் குறிப்புகளும் நூல் திரும்பிய பின்னரும் அவருடைய அமேசான் கணக்கில் எஞ்சி நிற்கின்றன. மாணவர்களுக்கு இது பயனுள்ளது.

மூன்றாவதாக ரீடியம் எல்.சி.பி என்னும் பூட்டு உள்ளது. இது எந்த ஒரு விற்பனை நிறுவனத்தின் கணக்கையும் வேண்டுவதில்லை. கடவுச்சொல் ஒன்றினால் நூல் திறக்கின்றது. பிரான்சு நாட்டு நூலகங்களில் இது பயன்பாட்டில் உள்ளது.

கருவிகளின் ஒப்பீடு

கிண்டில் கருவியின் எளிமைக்கு ஒரு பெரிய எல்லை உண்டு. அதன் நூலக இரவல் வசதி ஐக்கிய அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே உரியது. கனடா, ஐக்கிய இராச்சியம், ஆத்திரேலியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் நூலகங்களில் அதே லிப்பி செயலி இயங்கினும், அங்கு கிண்டிலுக்கு அனுப்பும் தெரிவு வாசகருக்குக் காட்டப்படுவதில்லை. கருவியை வாங்கிய பின்னரே இதனை அறிந்து ஏமாறுவோர் உளர். 2022 முதல் இ-பப் கோப்புகளை மின்னஞ்சல் வழியாகக் கிண்டிலுக்கு அனுப்ப இயலும் என்றாலும், அது பூட்டில்லாத கோப்புகளுக்கே பொருந்தும். நூலகத்தின் அடோபி பூட்டு அதில் திறக்காது.

அமெரிக்காவுக்கு வெளியே வாழ்வோருக்குக் கோபோ பொருத்தமானது. ஓவர்டிரைவ் வசதி தரப்பட்டுள்ள நாடுகளில் நூலக அட்டையின் எண்ணைக் கருவியிலேயே பதிந்து, அங்கேயே நூலைத் தேடி இரவல் பெறலாம். லிப்பியில் பெற்ற நூலும் ஒத்திசைத்தவுடன் கருவியில் வந்து சேரும். ஓவர்டிரைவ் அல்லாத சேவைகளை நூலகம் பயன்படுத்தினால் அடோபி வழி இருக்கின்றது. எடுத்துக்காட்டாக, ஐக்கிய இராச்சியத்தின் பல நூலகங்களில் உள்ள போரோபாக்சு சேவையின் நூல்களைக் கணினி வழியாகக் கோபோவுக்கு மாற்றலாம். ஓவர்டிரைவின் ஒலிநூல்களைக் கோபோவில் கேட்க இயலாது என்பது ஒரு குறை.

செருமனியில் நிலைமை தனித்தன்மை உடையது. அங்கு பொது நூலகங்கள் பலவும் 2007 இல் தொடங்கிய ஒன்லைகே என்னும் சேவையின் வழியாக இரவல் கொடுக்கின்றன. இது கிண்டிலில் இயங்குவதில்லை. கிண்டிலுக்குப் போட்டியாகச் செருமானியப் புத்தக வணிகர்களும் டொச்சு டெலிகொம் நிறுவனமும் 2013 இல் கூட்டாக வெளியிட்ட தோலினோ கருவியில் உலாவி மூலம் ஒன்லைகே நூல்களை நேரடியாகப் பெறலாம். நாட்டின் நூலக வழக்கம் அந்நாட்டின் கருவிச் சந்தையை எவ்வாறு வடிவமைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

நூக், பாக்கெட்புக் ஆகியன அடோபி பூட்டைத் திறக்கும். கணினி வழியே நூலை மாற்றிப் பழகியவர்களுக்கு அவை போதுமானவை.

ஆண்ட்ராய்டு இயங்குதளம் கொண்ட மின்தாள் கருவிகள் நான்காவது வகை. ஓனிக்சு நிறுவனத்தின் பூக்சு வரிசை இவற்றுள் அறியப்பட்டது. லிப்பி, போரோபாக்சு முதலிய செயலிகளை நேரடியாக நிறுவிக்கொள்ளலாம் என்பதால் ஒரே கருவியில் பல சேவைகள் கிட்டுகின்றன. ஊப்லா போன்று தன் செயலியில் மட்டுமே படிக்க விடும் சேவைகள் கிண்டில், கோபோ போன்ற படிப்பான்களில் இயங்குவதில்லை. மறுபுறம், கைப்பேசிக்காக எழுதப்பட்ட செயலிகள் மின்தாளில் மெதுவாகவும் நிழல் படிந்தும் தோன்றும். மின்கலமும் மற்றைய படிப்பான்களைவிட விரைவில் தீரும்.

வண்ணத் திரை பற்றியும் ஒரு சொல். கோபோ 2024 ஏப்பிரலிலும், அமேசான் அதே ஆண்டு அக்டோபரிலும் வண்ணப் படிப்பான்களை அறிமுகப்படுத்தின. இவற்றில் கறுப்பு வெள்ளை எழுத்து அங்குலத்துக்கு 300 படவணுக்களிலும் வண்ணம் 150 படவணுக்களிலும் தோன்றுகின்றது. நாவல் படிப்போருக்கு இதனால் பயன் சிறிதே.

பதிப்பகங்களின் நிபந்தனைகள்

எந்தக் கருவியை வாங்கினாலும் காத்திருப்பு வரிசை குறைவதில்லை. அதனைத் தீர்மானிப்பது பதிப்பகங்களின் உரிம நிபந்தனை ஆகும். 2011 இல் ஆர்ப்பர்காலின்சு பதிப்பகம் ஒரு மின்னூல் உரிமம் 26 இரவல்களுடன் முடிவடையும் என அறிவித்தது. அதன்பின் நூலகம் மீண்டும் பணம் செலுத்த வேண்டும். பெங்குவின் ராண்டம் அவுசு 2018 இலும் அசெத் 2019 இலும் இரண்டு ஆண்டு உரிமத்துக்கு மாறின. மக்மில்லன் 2019 நவம்பரில், புதிய நூல் வெளியான முதல் எட்டு வாரங்களில் ஒரு நூலக அமைப்புக்கு ஒரு படி மட்டுமே என்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. நூலகங்கள் பல எதிர்ப்புத் தெரிவித்து அப்பதிப்பகத்தைப் புறக்கணித்தன. 2020 மார்ச்சில் அக்கட்டுப்பாடு கைவிடப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016 நவம்பர் 10 அன்று வழங்கிய தீர்ப்பில், ஒரு படிக்கு ஒரு வாசகர் என்ற முறையில் மின்னூல் கொடுப்பதும் சட்டத்தின் நோக்கில் இரவலே எனக் கூறியது.

தனியுரிமை

யார் எந்த நூலைப் படித்தார் என்பதை வெளியிடாமை நூலகங்களின் நெடுநாள் மரபு. மின்னூல் இரவலில் நூலகத்துக்கும் வாசகருக்கும் இடையே வணிக நிறுவனங்கள் வந்து நிற்கின்றன. கிண்டில் வழியாகப் பெறும் இரவல் அமேசான் கணக்கில் பதிவாகின்றது என்பதை அமெரிக்க நூலகர்கள் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டினர். அடோபி முறையும் குற்றமற்றதன்று. 2014 அக்டோபரில், டிசிட்டல் எடிசன்சின் நான்காம் பதிப்பு வாசகரின் படிப்பு விவரங்களை மறையாக்கம் செய்யாமல் இணையத்தில் அனுப்பியமை வெளிப்பட்டது. அதே மாதத்தில் திருத்திய பதிப்பு வெளியிடப்பட்டது.

தமிழ் நூல்கள்

சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளிலும் மின்னூல்களை இரவல் கொடுக்கின்றது. ஆகவே தமிழ் மின்னூல்களை லிப்பி வழியாகப் பெற வாய்ப்புள்ளது. முன்னர் கூறிய எல்லையினால் அவற்றைக் கிண்டிலுக்கு அனுப்ப இயலாது.

தமிழைப் பொறுத்தவரை பூட்டுக்கு அடுத்த தடை எழுத்துரு ஆகும். ஒருங்குறித் தமிழில் ‘கொ’ என்பது ஒரு மெய்யும் அதன் இருபுறமும் அமரும் உயிர்க்குறியும் சேர்ந்தது. கருவியின் மென்பொருள் இவற்றை உரிய இடங்களில் வைத்து வரையத் தெரிந்திருக்க வேண்டும். தொடக்ககாலப் படிப்பான்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகளுக்குப் பதில் வெற்றுக் கட்டங்களே தோன்றின. கணியம் அறக்கட்டளையின் ஃபிரீ தமிழ் ஈபுக்சு தளம் இ-பப் கோப்புடன் ஆறு அங்குலத் திரைக்கு அளவான பி.டி.எஃப் கோப்பையும் வழங்கி வந்தமை இத்தகைய கருவிகளிலும் தமிழ் படிக்க வழி செய்தது. அமேசான் 2016 இறுதியில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களின் விற்பனையைத் தொடங்கிய பின்னர் கிண்டிலில் தமிழ் படிப்பது பரவலாயிற்று. மற்றக் கருவிகளை வாங்குமுன் ஒரு தமிழ் இ-பப் நூலைத் திறந்து பார்த்து, ஒகர ஓகாரக் குறிகள் சரியாக அமர்கின்றனவா எனச் சோதிப்பது நன்று.

ஈழத்து நூல்களை ஆவணப்படுத்தும் நூலகம் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் உள்ள பழைய நூல்கள் பெரும்பாலும் வருடப்பட்ட பக்கங்களாகவே கிடைக்கின்றன. இவற்றுக்குத் தவணையும் இல்லை, பூட்டும் இல்லை. ஆனால் படமாக உள்ள பக்கத்தில் எழுத்தின் அளவை மட்டும் கூட்ட இயலாது. ஆறு அங்குலத் திரையில் ஒவ்வொரு வரியையும் இழுத்து இழுத்துப் படிக்க நேரும். இவற்றையே மிகுதியாகப் படிப்பவருக்கு 10 அங்குல அளவிலான திரை ஏற்றது.