இரண்டு டாலர் ஒயினும் 98 மார்க்கும்

ஒயினுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும் வழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் யார் தெரியுமா? நம்ம துறைக்காரர்தான். ராபர்ட் பார்க்கர், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் விவசாயக் கடன் கொடுக்கும் வங்கியில் வக்கீலாக இருந்தவர். 1978 இல், வேலையில் இருந்துகொண்டே, ஒயின்களை ருசித்து மதிப்பிடும் ஒரு சின்னப் பத்திரிகையைத் தொடங்கினார். வங்கி வேலையை விட்டது 1984 இல்தான். (விஆர்எஸ் பணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள் :-))

அவருடைய நோக்கம் நல்ல நோக்கம். அதுவரை ஒயினைப் பற்றி எழுதியவர்களில் பலர் அந்த வியாபாரத்திலேயே இருந்தவர்கள். விற்கிறவனே விமர்சனமும் எழுதினால் எப்படி இருக்கும்? பார்க்கர் விளம்பரம் வாங்க மாட்டேன் என்றார். நுகர்வோருக்காகப் போராடிய ரால்ஃப் நேடரின் பாதிப்பு அவருக்கு உண்டு. பூக்களையும் பழங்களையும் அடுக்கி வர்ணிப்பதோடு விடாமல், பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் புரிகிற மாதிரி 100க்கு மார்க். அதில் 50 மார்க் சும்மாவே கிடைத்துவிடும். பரீட்சைக்கு வந்ததற்கே பாதி மார்க்!

அவருக்கு முன்னால் மார்க்கே இல்லாமல் இல்லை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மேனார்டு அமரைனும் சக பேராசிரியர்களும் 1959 இல் 20 மார்க் முறை ஒன்றை வகுத்தார்கள். அதன் முக்கிய வேலை குறை கண்டுபிடிப்பது. கலங்கியிருக்கிறதா, வினிகர் வாடை அடிக்கிறதா, நிறம் கெட்டிருக்கிறதா என்று பார்த்துக் கழித்துக்கொண்டே வருவது. எங்கள் ஆடிட்டர் செய்கிற வேலை மாதிரி. இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது விலை மலிவான பாட்டிலுக்கு வருவோம். சார்லஸ் ஷா என்பவர் 1974 இல் நாபா பள்ளத்தாக்கில் ஒயின் ஆலை தொடங்கினார், நொடித்துப் போனார். அவருடைய பிராண்டு பெயரை மட்டும் 1990களில் ஃபிரெட் ஃபிரான்ஸியா என்பவர் 27,000 டாலருக்கு வாங்கிப் போட்டார். இந்த ஃபிரான்ஸியா லேசுப்பட்ட ஆளில்லை. மலிவான திராட்சையை ஜின்ஃபாண்டெல் என்ற உயர்ந்த ரகத்தின் பெயரில் விற்ற வழக்கில் சிக்கி, 1993 இல் சொந்தமாகவே 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியவர். லோடுக்கு மேலே ஜின்ஃபாண்டெல் இலைகளைத் தூவி அனுப்பினார்களாம். நம்ம ஊரில் மூட்டையின் மேலே மட்டும் நல்ல அரிசி போடுகிற வித்தைதான்.

2002 இல் கலிபோர்னியாவில் திராட்சை விளைச்சல் தாறுமாறு. 1990களின் செழிப்பில் எல்லோரும் கொடி நட்டார்கள். காய்க்கிற சமயத்தில் டாட்காம் குமிழி உடைந்துபோயிருந்தது. வாங்க ஆளில்லாத ஒயின் டாங்கி டாங்கியாக நின்றது. ஃபிரான்ஸியா சார்லஸ் ஷா பெயரை ஒட்டி, டிரேடர் ஜோஸ் என்ற ஒரே ஒரு மளிகைக் கடைச் சங்கிலி வழியாக, பாட்டில் 1.99 டாலருக்கு இறக்கினார். அன்றைய கணக்கில் நூறு ரூபாய்க்கும் கீழே.

எப்படிக் கட்டுப்படியானது? காமர்ஸ் படித்தவனுக்கு இந்த இடம்தான் சுவாரஸ்யம். விளம்பரச் செலவு கிடையாது. பாட்டிலில் அடைக்கும் ஆலை சொந்தம். எல்லாவற்றையும் விட முக்கியம், சரக்கு தேங்குவதில்லை. விலை உயர்ந்த சிவப்பு ஒயின் ஓக் பீப்பாயில் ஒன்றரை, இரண்டு வருஷம் தூங்கும். பீப்பாய் ஒன்று சில நூறு டாலர். அத்தனை நாளும் பணம் முடங்கிக் கிடக்கும், வட்டி ஓடும். அந்த வட்டியும் பாட்டில் விலையில்தான் ஏறும். நாம் கொடுக்கிற விலையில் ஒரு பகுதி ருசிக்கு இல்லை, பாங்குக்கு :-)

பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். கழுவி ஊற்றுகிற தண்ணீர் என்றார்கள். 2007 இல் கலிபோர்னியா மாநிலப் பொருட்காட்சியில் ஒயின் போட்டி நடந்தது. லேபிள் தெரியாமல் ருசித்துப் பார்த்த நடுவர்கள், சுமார் 350 ஷார்டனே ஒயின்களில் முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது சார்லஸ் ஷாவின் 2005 ஷார்டனேயை. 98 மார்க், இரட்டைத் தங்கம்!

இந்தக் கதை இங்கே முடிந்தால் "ஏழை ஜெயித்தான்" சினிமாவாகிவிடும். ஆனால் அதே போட்டியில், அதே வருஷங்களில், இன்னொரு காரியம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

ராபர்ட் ஹாட்ஜ்சன் கடலியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சின்ன ஒயின் ஆலை ஒன்றின் சொந்தக்காரர். அவருடைய ஒயின் ஒரு போட்டியில் தங்கம் வாங்கும், அடுத்த போட்டியில் பேர்கூட வராது. புள்ளியியல் தெரிந்த மனுஷனுக்கு உறுத்தாதா? பொருட்காட்சிக்காரர்களைச் சம்மதிக்க வைத்து, 2005 முதல் 2008 வரை நடுவர்களையே பரீட்சித்தார். சுமார் 30 கிளாஸ் கொண்ட வரிசையில் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை மூன்று தடவை வைத்தார், நடுவருக்குச் சொல்லாமல்.

மூன்று தடவையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மார்க் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். இன்னொரு பத்து சதவீதம் பேர் ஒரே ஒயினுக்கு ஒரு தடவை வெண்கலம், மறு தடவை தங்கம் கொடுத்திருந்தார்கள். ஹாட்ஜ்சன் அடுத்து 13 போட்டிகளின் முடிவுகளை எடுத்து அலசினார். மூன்றுக்கு மேற்பட்ட போட்டிகளில் கலந்துகொண்ட 2,440 ஒயின்களில் 47 சதவீதம் எங்காவது ஒரு தங்கம் வாங்கியிருந்தன. தங்கம் வாங்கிய அவற்றிலேயே 84 சதவீதம் வேறொரு போட்டியில் எந்தப் பரிசும் வாங்கவில்லை.

ஆக அந்த 98 மார்க்கை வைத்து சார்லஸ் ஷாவைத் தூக்கி வைத்தும் ஆட முடியாது, பெரிய ஒயின்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் ஹாட்ஜ்சன் கண்டதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பிடித்ததில்தான் நடுவர்களுக்குள் தடுமாற்றம், பிடிக்காததில் அவர்கள் ஓரளவு உறுதியாக இருந்தார்கள். அதாவது அமரைனின் பழைய வேலையை மனித நாக்கு ஒழுங்காகச் செய்கிறது. கெட்டதைக் கெட்டது என்று சொல்லிவிடுகிறது. 91க்கும் 94க்கும் வித்தியாசம் சொல்லச் சொன்னால்தான் தடுமாறுகிறது. கடன் கேட்டு வருகிறவர்களில் யாருக்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்லிவிடலாம். நல்ல இருவரில் யார் ஒரு படி உசத்தி என்று சொல்வது பெரும்பாலும் ஜோசியம். ட்ரிப்பிள் ஏ வாங்கிய பத்திரங்கள் 2008 இல் என்ன ஆயின என்று பார்த்தோமே.

இன்னொன்று. எஃகு டாங்கியும் குளிர்ப்பதன வசதியும் வந்தபிறகு மலிவு ஒயினில் பெரிய குறை இருப்பது குறைந்துவிட்டது. நம்பகமாக அளக்கக்கூடிய விஷயம் குறைந்த விலையிலேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் கொடுக்கிற பணம், நிபுணர்களே ஒத்துப்போகாத ஒரு பிரதேசத்துக்கு. 2008 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 6,000க்கும் அதிகமான முறை விலை தெரியாமல் ருசித்ததில், சாதாரண மக்களுக்கு விலை உயர்ந்த ஒயின் சராசரியாகக் கொஞ்சம் குறைவாகவே பிடித்திருந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அப்படி இல்லை. அவர்கள் நாக்கு வேறு, நம்ம நாக்கு வேறு. அதில் அவமானம் ஒன்றுமில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், மகாராஷ்டிர அரசு 2001 இல் ஒயின் தொழிலுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்த பிறகு, புனேயில் இருக்கிற எங்களுக்கு நாசிக் ஒயின் ஆபீஸ் விருந்துகளில் சகஜம். அங்கே நம்ம ஆட்கள், "எனக்கு இது பிடிக்கலை" என்று சொல்லக் கூச்சப்பட்டு, பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுவதைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். மூன்று டம்ளர். இரண்டில் ஒரே சரக்கு, மூன்றாவதில் வேறு. எது எதில் என்று உங்களுக்குத் தெரியாமல் இன்னொருவர் ஊற்ற வேண்டும். எது வேறு என்று சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாக இருக்கும் என்பதால், ஆறேழு தடவையாவது செய்யவேண்டும். ஒயின் தொடாத வீடுகளில் ஃபில்டர் காபி போதும். சிக்கரி போட்டது, போடாதது. ஆறில் எத்தனை சரி என்று எழுதுங்கள்.