தோலின்றித் தோல்போல்: ஒரு காகிதத்தின் வரலாறு

ஜினாலயத்தினுள் தோற்பொருள்களைக் கொண்டு செல்லலாகாது என்பது நம் இல்லங்களில் வழிவழியாகக் காக்கப்பட்டு வரும் ஒழுக்கம். இடைவாரையும் பணப்பையையும் கழற்றி வைத்துவிட்டுத் திருவறம் புகும் பெரியோரை நாம் சிறுவயது முதற்கொண்டே கண்டு வருகிறோம். தோலை விலக்கினால் அதன் இடத்தில் எதைக் கொள்வது? இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த ஜப்பான் நாட்டில் ஒரு திருத்தலத்தின் வழியில் இதே வினா எழுந்து, அதனின்று ஒரு கைத்தொழிலே பிறந்தது. தோல் போன்ற காகிதத்தைத் தைத்தும் பூத்தையல் இட்டும் பைகளும் உறைகளும் செய்யும் இன்றைய கைவினைக்கு அது ஒரு முன்னோடி.

ஜப்பானின் மியே மாநிலத்தில் இசே என்னும் பெருங்கோயில் உள்ளது. எதோ காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் அங்கு நடைப்பயணமாகச் சென்றனர். 1705, 1771, 1830 ஆகிய ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். விலங்கின் தோல் தீட்டுடையது என்னும் கருத்தால், அதனைத் திருத்தலத்திற்கு எடுத்துச் செல்ல யாத்திரிகர் தயங்கினர். அவ்வழியில் இருந்த ஊரார் காகிதத்தைத் தோல்போல் பதப்படுத்திப் புகையிலைப் பைகளும் பணப்பைகளும் செய்து விற்றனர். யாத்திரை சென்றவர் அவற்றை நினைவுப் பொருளாக வாங்கிச் சென்றதால் அத்தொழில் புகழ் பெற்றது.

அக்காகிதம் செய்யப்படும் முறை அறியத்தக்கது. காகித மல்பெரி என்னும் செடியின் பட்டையிலிருந்து நீண்ட நார்களை எடுத்து ஜப்பானியக் கைக்காகிதம் செய்வர். நீண்ட நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், அத்தாளைக் கசக்கினாலும் எளிதில் கிழியாது. மாறாக, கசக்கக் கசக்க மென்மையுற்று, மேற்பரப்பில் தோலிற் காணும் சுருக்கங்களைப் பெறும். பெர்சிம்மன் காயின் துவர்ச்சாற்றையும் விதை எண்ணெயையும் பூச, நிறமும் உறுதியும் நீரைத் தாங்கும் ஆற்றலும் அமையும்.

காகிதத்தை உடுத்தும் வழக்கமும் அந்நாட்டில் உண்டு. நாரா நகரிலுள்ள தோதாய்ஜி என்னும் பௌத்தப் பள்ளியில் கி.பி. 752 முதல் ஆண்டுதோறும் நடைபெற்று வரும் நோன்பில், துறவியர் காகிதத்தால் ஆன ஆடையை இன்றளவும் அணிகின்றனர். ஆடையாகவே அணியத்தக்க காகிதத்தைப் பையாகத் தைப்பதில் வியப்பில்லை.

பிற்காலத்தில் இக்கலை வேறொரு திசையிலும் வளர்ந்தது. டச்சு வணிகர் நாகசாகி வழியே பொன்முலாம் பூசிய ஐரோப்பியத் தோலைக் கொண்டுவந்தனர். அதன் அழகைக் காகிதத்தில் காட்ட ஜப்பானியக் கைவினைஞர் முயன்று வெற்றி கண்டனர். செதுக்கிய மர உருளையின்மேல் தாளை வைத்துத் தூரிகையால் அடித்துப் புடைப்புருவம் எழச் செய்து, உலோகத் தகடும் அரக்குப் பூச்சும் சேர்த்தனர். 1873ஆம் ஆண்டு வியன்னா உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட இக்காகிதம், பின்னர் ஐரோப்பிய மாளிகைகளின் சுவர்களை அலங்கரிக்க ஏற்றுமதியாயிற்று. தோலைக் கொண்டுவந்த ஐரோப்பியரே காகிதத்தை விரும்பி வாங்கிச் சென்றனர் என்பது எண்ணத்தக்கது.

ஐரோப்பாவில் உறுதிமிக்க காகிதம் வேறு வழியில் வந்தது. 1879ஆம் ஆண்டு டான்சிக் நகரில் கார்ல் டால் என்பவர் மரக்கூழைப் பதப்படுத்தும் புதிய முறையைக் கண்டார். அதனால் விளைந்த தாள் ‘கிராஃப்ட்’ எனப் பெயர் பெற்றது. அச்சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் ‘வலிமை’ என்பது பொருள். இந்நாளில் கைவினைக் கடைகளில் கிடைக்கும் துவைக்கத்தக்க காகிதத் துணி இவ்வகை நாரோடு செயற்கைப் பசை சேர்த்துச் செய்யப்படுவது. ஜீன்ஸ் கால்சட்டையின் இடுப்புப் பகுதியில் தோல்போல் தைக்கப்பட்டிருக்கும் முத்திரைச் சீட்டும் பெரும்பாலும் இத்தகையதே.

இதனைத் தைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. துணியில் ஊசி இழைகளை விலக்கிச் செல்லும். தையலைப் பிரித்தால் துளை மறைந்துவிடும். காகிதத்தில் ஊசி இட்ட துளை இட்டதே. ஆதலின் குண்டூசிக்கு மாற்றாகக் கவ்விகளைக் கொண்டே மடிப்புகளைப் பிடிக்க வேண்டும். தையல்கள் சற்று நீளமாக, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவில் இருத்தல் நலம். நெருங்கத் தைத்தால் தபால்தலையின் ஓரம்போல் தாள் கிழிந்துவிடும். பூத்தையலுக்கும் இது பொருந்தும். இடைவெளியின்றி இழைகளால் நிரப்பும் வேலை இதற்கு ஒவ்வாது. ஓட்டுத் தையலும் குறுக்குத் தையலுமே தகும். கோலத்தை முதலில் தாளில் குறித்து, குத்தூசியால் துளையிட்டுக்கொண்டு, பின்னர் இழையைக் கோத்தல் வேண்டும். தைக்கும் முன்னரே நீரில் நனைத்துக் கசக்கி உலர்த்தினால் தோலின் மென்மையும் சுருக்கமும் தோன்றும்.

இனி, நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. இசே யாத்திரிகர் தோலை விலக்கியது தீட்டுக் கருதி. நாம் விலக்குவது உயிர்க்குத் துன்பம் நேரும் என்பது கருதி. தீட்டுக்கு அஞ்சுவோர்க்குத் தோற்றம் மாறினால் போதும். அகிம்சையைப் பேணுவோர்க்கு அது போதாது. ஐரோப்பாவில் கைக்காகிதம் பல நூற்றாண்டுகள் விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து காய்ச்சிய ஜெலட்டினில் தோய்த்தே உலர்த்தப்பட்டது. 1807ஆம் ஆண்டு மோரிட்ஸ் இல்லிக் என்பவர் மரப்பிசினைக் கொண்டு அதற்கு மாற்றுமுறை வெளியிட்டார். ஜப்பானிலும் அச்சோவியத் தாள்களுக்கு வச்சிரப் பசையும் படிகாரமும் பூசும் வழக்கம் இருந்தது. எனவே, தோலைப்போல் தோன்றும் தாளை வாங்குகையில் அதன் பசை யாது என்று வினவுதல் சிராவகர்க்கு அழகு. பூத்தையலுக்குப் பட்டிழையை விடுத்துப் பருத்தியிழையைக் கொள்ளுதலும் அவ்வாறே. பட்டிழைக்காகப் புழுக்கூடுகள் கொதிநீரில் இடப்படுதலை நாம் அறிவோம்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தோலுக்கு மாற்றாகச் சந்தையில் மலிந்துள்ள பொருள்களிற் பல நெகிழிப் பூச்சுடையவை. அவை மண்ணில் எளிதில் மட்குவதில்லை. காகிதத் துணியிலும் செயற்கைப் பசை உண்டெனினும் அதன் பெரும்பகுதி நாரே. நெகிழிப்பையினும் இது மேல்.

நம் இல்லத்துப் பெண்டிரும் சிறுவரும் இவ்விழாக் காலத்தில் ஓர் உறையேனும் தைத்துப் பார்த்தல் வேண்டும் என்பது நம் அவா. நாள்தோறும் ஓதும் தோத்திர நூலுக்கு ஓர் உறை. ஆலயம் செல்லுங்கால் காணிக்கையை இட்டுச் செல்ல ஒரு சிறு பை. அவற்றின்மேல் பருத்தியிழையால் ஒரு சுவஸ்திகம். அப்பையை வாயிலில் கழற்றி வைக்க வேண்டியதில்லை. கையில் ஏந்தியபடியே திருவறத்தினுள் புகலாம்.