சைகல் சாயலில் ஒரு டெல்லிக் குரல்

டெல்லியில் பிறந்த முகேஷ் சந்த் மாத்தூரை நாடறிந்த பாடகராக்கியது 1945இல் வெளிவந்த ‘பெஹ்லி நஸர்’ படத்தின் ‘தில் ஜல்தா ஹை’ என்ற பாட்டு. எழுதியவர் ஆஹ் சீதாபுரி. இசை அனில் பிஸ்வாஸ். திரையில் வாயசைத்தவர் மோதிலால். காதலில் வெந்த மனத்தை அழாமல், யாரிடமும் முறையிடாமல் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் சோகப் பாட்டு அது.

முகேஷ் 1923 ஜூலை 22ஆம் தேதி பிறந்தார். சகோதரிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு வந்த வாத்தியாரின் பாடத்தைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுத்தான் அவருக்குப் பாட்டு வந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பொதுப்பணித் துறையில் சில காலம் வேலை பார்த்தார். சகோதரியின் திருமணத்தில் அவர் பாடியதைக் கேட்ட தூரத்து உறவினர் மோதிலால், பம்பாய்க்கு அழைத்துப்போய் பண்டிட் ஜெகந்நாத் பிரசாத்திடம் பயிற்சிக்குச் சேர்த்தார். 1941இல் ‘நிர்தோஷ்’ படத்தில் நாயகனாக நடித்துப் பாடியும் பெயர் கிடைக்கவில்லை.

அந்த நாளில் வட இந்தியாவில் பாட்டு என்றாலே குந்தன்லால் சைகல்தான். 1935இல் இந்தி ‘தேவதாஸ்’ வந்த பிறகு, நிறைவேறாத காதலுக்கு அவர் குரலே இலக்கணமாகிவிட்டது. முகேஷும் அதே சாயலில்தான் ‘தில் ஜல்தா ஹை’யைப் பாடினார். அதைக் கேட்டுவிட்டு, இதை நாம் எப்போது பாடினோம் என்று சைகலே குழம்பினாராம்.

அதற்காக அதை வெறும் போலி என்று தள்ளிவிட முடியாது. மெட்டு தர்பாரி கானடா. காந்தாரத்தை மெல்ல அசைத்து, மந்திர ஸ்தாயியில் நின்று பாட வேண்டிய ராகம். முகேஷுடையது பிருகா உதிரும் குரல் அல்ல. லேசான மூக்கொலியோடு கார்வைகளில் நிலைத்து நிற்கும் குரல். வேறு பாட்டில் குறையாகத் தெரிந்திருக்கக்கூடிய அந்த எளிமை, அழுகையை அடக்கிக்கொள்ளும் இந்தப் பாட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

பெரிய பாடகரின் சாயலில் தொடங்குவது அன்று சகஜம். ‘கிருஷ்ண விஜயம்’ (1950) படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாகவதர் பாணியில் பாடித்தான் தமிழ்த் திரைக்கு வந்தார். கடினமானது அதிலிருந்து வெளியே வருவது. 1947 ஜனவரியில் சைகல் மறைந்தார். அடுத்த ஆண்டு ‘மேலா’விலும் 1949இல் ‘அந்தாஸ்’ படத்திலும் நௌஷாத் இசையில் திலீப் குமாருக்குப் பாடியபோது முகேஷின் சொந்தக் குரல் துலங்கியது. ‘ஆக்’ (1948) படத்தில் தொடங்கிய ராஜ் கபூருடனான உறவு வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

டெல்லியில் வாழும் ஒரு பெண் இரு காதல்களுக்கிடையே தவிக்கும் கதை 1974இல் வந்த ‘ரஜனிகந்தா’. அதில் சலில் சௌத்ரியின் இசையில் பாடிய பாட்டுக்குத்தான் முகேஷுக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தப் பாட்டில் சைகலைத் தேடினாலும் கிடைக்கமாட்டார்.