கடல் கொண்டோர் நினைவு

மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் நடத்துகையில், ‘மஃப்கூத்’ என்னும் இயல் வந்ததும் மாணவர் முகத்தில் ஓர் ஐயம் எழுவதைக் கண்டிருக்கிறேன். வீட்டை விட்டுச் சென்று, உயிருடன் உள்ளாரா மறைந்தாரா என்று அறியப்படாதவரே மஃப்கூத். இப்படியும் ஒருவர் இருப்பாரோ என்று அவர்கள் வியக்கின்றனர். மரக்கலம் ஏறிச் சென்றோரின் வரவை நோக்கிக் காத்திருந்த காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அந்த வியப்புக்கு இடமிருந்திராது. தாம்பரத்தைச் சூழ வாழும் பிள்ளைகளுக்கு நான் 2016ஆம் ஆண்டை நினைவூட்டுவது வழக்கம்.

அவ்வாண்டு ஜூலை 22ஆம் நாள் காலை, தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஏ.என்.-32 வகை விமானம் ஒன்று அந்தமானின் போர்ட் பிளேர் நோக்கிப் புறப்பட்டது. அதில் 29 பேர் இருந்தனர். வங்கக் கடலின் மேல் பறக்கையில் அது ராடார் திரையிலிருந்து மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் பல வாரங்கள் தேடின. ஒரு துண்டும் கிட்டவில்லை. அவர்கள் உயிருடன் இருக்க வாய்ப்பில்லை என்று செப்டம்பரில் குடும்பத்தார்க்கு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்தது, அடையாளம் வரவில்லை.

இத்தகைய காத்திருப்புக்கு எல்லை எது என்று நம் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்துள்ளனர். காணாமற் போனவரின் வயதொத்தோர் மறையும்வரை அவரை உயிருள்ளவராகவே கொள்ள வேண்டும் என்றனர் ஹனஃபி அறிஞர்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பைப் பின்பற்றிய மாலிக்கி அறிஞர்களோ, மனைவி நான்காண்டுகள் காத்திருந்து, பின்னர் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து மறுமணம் செய்துகொள்ளலாம் என்றனர். பெண்களின் துயரைக் கண்ட இந்திய ஹனஃபி உலமாக்களே பின்னாளில் மாலிக்கித் தீர்ப்பை ஏற்க முன்வந்தனர். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திலும் அந்த நான்காண்டு இடம்பெற்றது. நாட்டின் பொதுச் சட்டமோ, ஏழாண்டுகள் செய்தி கிட்டாதவரை இறந்தவராகக் கொள்ள இடமளிக்கிறது. இவ்வரையறைகள் வாழ்வைத் தொடர உதவும். ஆயினும், வாசலில் கேட்கும் ஒவ்வொரு காலடி ஓசைக்கும் திடுக்கிட்டு எழும் தாயின் நெஞ்சை எந்தச் சட்டம் ஆற்றும்?

அதற்கு விடை தேடியது, தாம்பரத்துக்கு அண்மையில் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். அது அனுப்பிய, ஆளின்றித் தானே இயங்கும் நீரடிக் கலம், ஒலியலைகளாலும் நிழற்படங்களாலும் கடலடியை ஆராய்ந்தது. சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் தென்பட்டன. அப்பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமற் போனதாக வரலாறில்லை. ஆகவே அவை அந்த விமானத்தினுடையவையாகவே இருத்தல் வேண்டும் என்று 2024 ஜனவரி 12 அன்று பாதுகாப்பு அமைச்சகம் தெரிவித்தது. ஏழரை ஆண்டுகளுக்குப் பின் கிட்டிய செய்தி அது.

நீரில் மூழ்கி இறந்தோரையும் ஷஹீதுகளின் வரிசையில் சேர்த்தார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். அபிசீனியாவில் நஜ்ஜாஷி மன்னர் மறைந்தபோது மதீனாவில் அவருக்காக ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். அதனை ஆதாரமாகக் கொண்டே, ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்த நம் கடற்கரை மக்கள் தொலைவில் மறைந்தோர்க்குக் ‘காயிப்’ ஜனாஸாத் தொழுகின்றனர். அத்தொழுகைக்கு மையித்து கண்முன் இருக்க வேண்டியதில்லை. இறப்புச் செய்தி மட்டும் உறுதியாக இருத்தல் வேண்டும். எச்சமயத்தவராயினும், துயருற்றோர்க்கு முதலில் தேவைப்படுவது அந்த உறுதியே.

பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஷ்மிட் நினைவகம் நிற்கிறது. 1930 டிசம்பர் 30 அன்று, அலையில் சிக்கியோரைக் காக்க முனைந்து உயிர்நீத்த டேனிஷ் மாலுமியின் நினைவு அது. மாலைக்காற்று வாங்கச் செல்வோர் பலர், அது யாருக்காக எழுந்தது என்று அறியாமலே அதன் நிழலில் அமர்கின்றனர். கல் எழுப்புவது எளிது. பெயரைச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை. அதனினும் முந்திய கடமை ஒன்றுண்டு. கடலுக்குச் சென்றவர் மாலுமியாயினும் மீனவராயினும் படைவீரராயினும், அவர் என்ன ஆனார் என்று தேடி, காத்திருப்போரிடம் சொல்வதே அது. இறந்தோரின் கூலி இறைவனிடம் இருக்கிறது. இருப்போரின் காத்திருப்போ நம் பொறுப்பில் இருக்கிறது.